'கிராலர் டிராக்'குக்கு என்ன சொல்? பாவுபட்டை என்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

புல்டோசரிலும் நெல் அறுவடை இயந்திரத்திலும் டயருக்குப் பதிலாகச் சுற்றி ஓடுகிற 'கிராலர் டிராக்'குக்கு நம் குழு மடல்களில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தடம், கம்பளிப்பூச்சிச் சக்கரம், ஊர்பட்டை. மூன்றில் ஊர்பட்டைதான் சரி என்று நானும் நினைத்திருந்தேன். போன மாதம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துக் கிழக்குப் பியோரியாவில், புல்டோசர் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் ஆலையைச் சுற்றிப் பார்த்தேன். அப்புறம் மனம் மாறிவிட்டது. அதை விளக்கத்தான் இந்த மடல்.

பெரிய புல்டோசர்களைக் கோத்து முடிக்கும் ஆலை அது. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தரையில் கோடு போட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். பற்றவைப்பு, எஞ்சின் ஏற்றுவது எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் நான் காலூன்றி நின்றுவிட்ட இடம், டிராக் மாட்டும் இடம். அந்தச் சங்கிலியை வண்டியில் மாட்டுவதற்கு முன் தரையில் நீளமாக, பாய் விரித்தது போல விரித்து வைக்கிறார்கள். வண்டியின் உடல் அதன் மேல் வந்து உட்காருகிறது. பிறகு ஒரு முனையைத் தூக்கி, மேலே இருக்கும் பற்சக்கரத்தின் மீது சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையோடு சேர்த்து முடுக்குகிறார்கள். முதலில் பாதை, பிறகு வண்டி. இந்த வரிசைதான் எனக்குப் புத்தியில் உறைத்தது.

ஓடும்போதும் அதேதான் நடக்கிறது. தரையில் கிடக்கிற பட்டை நகர்வதே இல்லை, அசையாமல் கிடக்கிறது. வண்டி அதன் மேல் உருளைகளால் உருண்டு போகிறது. பின்னால் விட்டுப்போன பகுதியை எடுத்து, மேல் வழியாக முன்னால் கொண்டுவந்து மறுபடி தரையில் இடுகிறது. ஆகவே 'ஊர்' என்ற வினை வண்டிக்குப் பொருந்துமே தவிர பட்டைக்குப் பொருந்தாது. வண்டி ஊர்கிறது, பட்டை கிடக்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஊர்பட்டை என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஊர்ப்பட்ட வேலை கிடக்கு' என்பதுதான் காதில் விழும்.

'தடம்' அகராதியில் இருக்கிறது என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். இருக்கிறது, ஆனால் வண்டித் தடம் என்றால் வண்டி மண்ணில் விட்டுப்போன சுவடு. 'தடம் பழுதாகிவிட்டது' என்று எழுதினால் படிக்கிறவர் பாதையைத்தான் பார்ப்பார்.

கம்பளிப்பூச்சி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் நீராவி டிராக்டர் செய்துகொண்டிருந்தார். அந்த ஊர்ப்பக்கமும் நம் காவிரி டெல்டா போல ஆற்றுக் கழிமுகம்தான், கால் வைத்தால் உள்வாங்கும் மண். வண்டி புதையாமல் இருக்கச் சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போனார்கள்; ஒரு வண்டி 46 அடி அகலம் வரை போய்விட்டது. கடைசியில் 1904 நவம்பர் 24 அன்று ராபர்ட்ஸ் தீவில், பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சங்கிலியில் மரப்பலகைகளைக் கோத்து மாட்டி ஓட்டிப் பார்த்தார். புதையவில்லை. அது போகிற தினுசைப் பார்த்துக் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கிறது என்றவர் புகைப்படக்காரர் ஒருவர். கம்பளிப்பூச்சிக்கு ஆங்கிலத்தில் 'கேட்டர்பில்லர்'; அந்தப் பேரே பின்னால் வணிகப் பெயராகி, 1925-இல் நிறுவனத்தின் பெயரும் ஆயிற்று. ஒரு நிறுவனத்தின் பெயரை மொழிபெயர்த்துப் பொதுச்சொல்லாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேலும் அது சக்கரமே இல்லை.

எனக்குப் பிடித்தது ஹோல்ட்டின் அந்த மரப்பலகை. சேற்றில் பலகை போட்டு அதன் மேல் நடப்பது நமக்குத் தெரிந்த காரியம். கல்லையோ பலகையையோ வரிசையாகத் தரையில் பதிப்பதைப் பாவுதல் என்கிறோம்: கல் பாவிய முற்றம், பலகை பாவிய மாடி. இதே சொல்லுக்குக் கால் நிலத்தில் படிவது என்ற பொருளும் இருக்கிறது. சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே வந்து உட்கார்ந்த தேவர்களைத் தமயந்தி கண்டுகொண்டது, அவர்கள் கால் தரையில் பாவவில்லை என்பதால்தானே? தரையில் பதிகிறது, தரையில் படிகிறது என்ற இரண்டு பொருளும் இந்தப் பட்டை செய்கிற வேலை. அதனால் பாவுபட்டை என்று முன்வைக்கிறேன்.

'படிவது' எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கேட்டர்பில்லரின் பெரிய புல்டோசரான டி11-இன் எடை 100 டன்னுக்கு மேல். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 4.4 மீட்டர் நீளமும் 71 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டை தரையில் படிகிறது. வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1.6 கிலோ அளவுதான் வருகிறது. நம் கார் டயரில் அடிக்கிற காற்றின் அழுத்தமே 2 கிலோவுக்கு மேல்.

ஓர் அக்கா இப்படிக் கேட்டிருந்தார்:

> டெல்டாவில் எல்லோரும் பெல்ட் வண்டி, செயின் வண்டி என்றுதான் சொல்கிறார்கள். புதுச்சொல் எதற்கு?

அக்கா, அவர்கள் பேச்சை மாற்றச் சொல்லவில்லை. மழையில் ஊறிய வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டி வரட்டும் என்று காத்திருக்கிற விவசாயிக்கு அந்தச் சொல் போதும். ஆனால் அதே இயந்திரத்துக்குள் கதிரடிக்கும் உருளையை ஓட்டும் பெல்ட், மற்றவற்றை ஓட்டும் பெல்ட், செயின் எல்லாம் இருக்கின்றன. பயிற்சிக் கையேட்டில் 'பெல்ட்டைத் தளர்த்தவும்' என்றிருந்தால் எதைத் தளர்த்துவது? அங்கேதான் தனிச்சொல் தேவை. நெல் அறுவடை இயந்திரத்தில் இருப்பது ரப்பர், புல்டோசரில் இருப்பது எஃகு. 'பட்டை' இரண்டையும் தாங்கும், 'சங்கிலி' தாங்காது.

நெசவூர்க்காரர்கள் பாவு என்றால் நீளவாட்டு நூல் அல்லவா என்பார்கள். நியாயம்தான். ஆனால் அது பெயர்ச்சொல். அதோடு பட்டை சேர்ந்தால் பாவுப்பட்டை என்று ஒற்று மிகும். இங்கே இருப்பது வினைத்தொகை, சுடுகாடு, ஊறுகாய் போல, ஒற்று மிகாது. எழுதும்போது இதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பட்டையின் உறுப்புகளில், சங்கிலியாகக் கோத்திருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணி, தரையில் படும் எஃகுத் துண்டுக்கு மிதிதகடு (மிதிவண்டி போல) என்று வைக்கலாம். அந்தத் தகட்டின் குறுக்கே மண்ணைக் கவ்வுவதற்காக நிற்கிற மேடுதான் பாக்கி. வரம்பு என்று எழுதிப் பார்த்தேன், வயல் வரப்போடு குழம்புகிறது. புல்டோசர் பழுதுபார்க்கும் பட்டறைப் பக்கம் யாராவது இருந்தால், அங்கே அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்