ரிடென்ஷன்: தக்கவைப்பா, நிலைப்பா?

> தக்கவைப்பு என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது எதற்கு இந்த இழுபறி?

நிகழ்நிலைக் கல்விக்கான கலைச்சொல் பட்டியலில் ரிடென்ஷனுக்கு, அதாவது சேர்ந்த மாணவரை விலகாமல் வைத்திருப்பதற்கு, என்ன தமிழ் என்ற பேச்சில் வந்த கேள்வி இது. தக்கவைப்பு இருக்கிறது, சரி. கம்பனிக்காரர்கள் ஊழியர்களைப் பற்றிப் பேசும்போது புழங்கும் சொல் அது. அதில் வேலை செய்கிறது கம்பனி, ஊழியர் சும்மா இருக்கிறார். நிகழ்நிலையில் பட்டம் படிக்கிற பிள்ளைக்கு அதையே போடலாமா என்பதுதான் என் சந்தேகம்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, எனக்குத் தெரிந்தவள். அவள் இருக்கும் லயத்தில் (தோட்டத்துத் தொடர்வீடு) சிக்னல் இல்லை, கோயில் மேட்டுக்கு ஏறினால் இரண்டு கோடு வரும், மழை பிடித்தால் அதுவும் போய்விடும். விரிவுரைகளைக் கூட்டாளி ஒருத்தி இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். இவள் ஒப்படையை சீஆர் கொப்பியில் எழுதி, படம் எடுத்து, மேட்டிலிருந்து அனுப்புவாள், அதைக் கூட்டாளிதான் ஏற்றிவிடுவாள். ஒருநாள் படிக்கிற இடத்திலிருந்து அழைப்பு: "படிப்பை விட்டுட்டீங்களா?" எல்எம்எஸ், அதாவது பாடங்களும் ஒப்படைகளும் ஏற்றும் இணையத் தளத்தின் கணக்கில் அவள் உள்ளே வந்து 23 நாள் ஆகிவிட்டதாம். அப்போது அவள் கையில் கொப்பி இருந்தது. கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார், அவள் அம்மாவுக்கு அது பழகிப்போனது. மகளுக்கு எல்எம்எஸ் அரைப்பேர்கூடப் போடவில்லை.

இந்த 'தக்கவைப்பு வீதம்' யாருடைய வேலையை அளக்கிறது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொல் உண்டு. நிறுவனம் செய்வது ரிடென்ஷன், மாணவர் செய்வது பெர்சிஸ்டன்ஸ். 1975இல் இடைவிலகலுக்கு (படிப்பைப் பாதியில் விடுவது) ஒரு கோட்பாடு தந்த அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ, படிப்போடும் சக மாணவரோடும் ஒட்டுதல் இல்லாமல் போவதால்தான் விலகுகிறார்கள் என்றார். அதே மனிதர் 2017இல் எழுதிய கட்டுரையில், மாணவர் கேட்பது தன்னை யாராவது தக்கவைக்க வேண்டும் என்பதல்ல, தான் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் என்று பேச்சைத் திருப்பினார். தமிழில் நமக்குத் தன்வினையும் பிறவினையும் கைவசம் இருக்கையில் இரண்டையும் ஒரு சொல்லில் அடைப்பானேன்? ஆகவே ரிடென்ஷன் தக்கவைப்பாகவே இருக்கட்டும், பெர்சிஸ்டன்ஸுக்குக் கற்கை நிலைப்பு. 'விடாமுயற்சி' வேண்டாம், அது பாராட்டு மேடைச் சொல், நிலைத்தவனைப் புகழ்ந்து நிலைக்க முடியாதவனைக் குத்தும்.

அப்புறம் ரெடினஸ், நிகழ்நிலையில் படிக்க ஆயத்தமாக இருப்பது. தயார்நிலை என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். மலையகத்தில் மழைக்காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் மண்சரிவு எச்சரிக்கைதான் ஞாபகம் வரும், எனக்கு ஆயத்தநிலை பிடிக்கிறது. தூய தமிழ் கேட்பவர்கள் என்மேல் பாய வேண்டாம், தயார் பாரசீக வழி, ஆயத்தம் சமஸ்கிருத வழி, இரண்டுமே வந்த பிள்ளைகள்தான்.

ஆனால் சொல்லை விடவும் எனக்கு உறுத்துவது இன்னொன்று. 2010இல் தாய்வான் ஆய்வாளர்கள் இந்த ரெடினஸை அளக்கச் செய்த ஓர் அளவுகோல் பலரும் எடுத்தாள்வது. அதில் ஐந்து கூறுகள்: சுயமாகக் கற்பது, கற்கும் ஆர்வம், கணினியிலும் இணையத்திலும் தன்னம்பிக்கை, கற்றலைத் தன் கட்டுப்பாட்டில் வைப்பது, நிகழ்நிலையில் பேசத் துணிவது. ஐந்துமே பிள்ளையின் மண்டைக்குள் இருக்கிறவை. சிக்னல் கோபுரம் எங்கே, வீட்டில் எத்தனை போன், மேசை உண்டா என்பதெல்லாம் அந்த ஐந்தில் எதிலும் அடங்காது. வெறும் ஆயத்தநிலை என்று எழுதினால் பழி முழுக்க ஒரு பக்கம் விழும். அதனால் மாணவர் ஆயத்தநிலை, நிறுவன ஆயத்தநிலை என்று இரண்டு பதிவாகப் போடுங்கள், முன்னொட்டு இல்லாமல் தனியே எழுத விடாதீர்கள். நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இடைவிலகல் இங்கே பாடசாலைக் கணக்கிலிருந்தே பழகிய சொல், அதில் கை வைக்க வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், ஒரு பருவம் விட்டு மறுபடி வருகிறவர்களுக்கு. தொலைக்கல்வியில் இது சாதாரணம், வேலையும் பிள்ளைகளுமாக இருப்பவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். நான் 'இடைநிற்றல்' என்று போடப் போனேன், தமிழ்நாட்டு நண்பர்கள் அதையே டிராப்அவுட்டுக்கு, அதாவது நம் இடைவிலகலுக்கு, வைத்திருக்கிறார்கள். 'இடைநிறுத்தம்' என்றால் இங்கே ஒழுக்காற்று நடவடிக்கை என்று பயந்துவிடுவார்கள்.

மேலே சொன்ன பிள்ளை இந்தப் பருவம் கட்டணம் கட்டவில்லை, அடுத்த பருவம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பெயருக்கு நேரே என்ன எழுதுவது? 'இடைவெளி மாணவர்' என்றுதான் இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.