அயன் கால்வாயா, அயன் மதகா?

அன்புடையீர்,

நரம்புக்கலத்தின் மென்சவ்வில், மின்னேற்றம் கொண்ட அணுக்களாகிய அயன்களைக் கடக்கவிடும் புரதத்துக்கு ‘அயன் கால்வாய்’ என்ற பெயரே போதும் என்று நண்பர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். மட்டக்களப்பில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிக்கும் நானும் இதுவரை அச்சொல்லையே ஆண்டுவருகிறேன். ஆயினும் அது பொருளை முழுதாகத் தாங்கவில்லை என்பதே என் கருத்து. கால்வாய் என்றதும் மாணவர் மனத்தில் எழுவது நீளம். குறுக்கே நிற்கும் தடையொன்றில் வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடிக்கொள்வதே இப்புரதத்தின் இயல்பு.

1976 இல் எர்வின் நேகரும் பேர்ட் சாக்மனும் வெளியிட்ட ஆய்வில் இந்த இயல்பு வெளிப்படையாகத் தெரிந்தது. தவளையின் தசைநார்மீது நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை அழுத்திவைத்து, தனியொரு புரதத்தினூடாகப் பாயும் மின்னோட்டத்தை அவர்கள் அளந்தார்கள். அந்த ஓட்டம் படிப்படியாக ஏறி இறங்கவில்லை. சட்டென்று தோன்றி, ஒரே மட்டத்தில் நின்று, சட்டென்று அறுந்தது.

எதைக் கடக்கவிடுவது என்ற கேள்விக்கு விடை தந்தவர் ரொடெரிக் மக்கினன். மருத்துவராகப் பயின்ற அவர் அத்தொழிலை விட்டு ஆய்வுக்கு வந்து, தேள் நஞ்சு பொற்றாசியத்தின் வழியை எவ்வாறு அடைக்கிறது என்று ஆராய்ந்தார். புரதத்தின் உருவத்தைக் காணாமல் மேலே செல்ல முடியாது என்று துணிந்து, பளிங்கில் எக்ஸ்கதிரைச் செலுத்தி மூலக்கூற்றின் அமைப்பை அறியும், அதுவரை தமக்குப் பழக்கமில்லாத எக்ஸ்கதிர்ப் பளிங்கியலைக் கற்று, 1998 இல் பற்றீரியா ஒன்றின் பொற்றாசியப் புரதத்தின் அமைப்பை வெளியிட்டார். அதன் மிக ஒடுங்கிய பகுதி ஏறத்தாழ 12 அங்ஸ்ரொம் நீளமே (ஓர் அங்ஸ்ரொம் என்பது மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு). பொற்றாசியம் அயன் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைக் களைந்துவிட்டு அதற்குள் நுழைகிறது. களைந்த நீரின் இடத்தை அங்கே வரிசையாக நிற்கும் ஒட்சிசன் அணுக்கள் ஈடுசெய்கின்றன. சோடியம் அயன் அதைவிடச் சிறியது. அந்த ஒட்சிசன்கள் அதனைச் சரியாகப் பற்ற இயலாமையால், அது நீரை விடாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. பெரியது போக, சிறியது தடைப்படும் இந்த விந்தையை வகுப்பில் விளக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி குறைவதில்லை. 2003 இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே ‘அயன் மதகு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். உன்னிச்சைக் குளத்தின் நீரில் வேளாண்மை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். குளக்கட்டு மென்சவ்வுக்கும், கட்டினூடாக நீர் விடும் மதகு புரதத்துக்கும் ஒப்பாகும். கதவு திறந்தால் நீர் தன் மட்ட வேறுபாட்டினாலேயே பாய்கிறது. அயன்களும் செறிவு, மின்னழுத்தம் ஆகியவற்றின் வேறுபாட்டினாலேயே பாய்கின்றன, வினாடிக்கு ஒரு கோடிக்கும் மேலாக. சக்தியைச் செலவிட்டு எதிர்த்திசையில் தள்ளும் சோடியம்-பொற்றாசியம் பம்பியிலிருந்து இதனைப் பிரித்துக்காட்டவும் இப்பெயர் உதவும். மதகு நீரை வகை பிரிப்பதில்லை என்பது நியாயமான மறுப்பு. அதனால் அந்த ஒடுங்கிய பகுதியை, தெரிந்தெடுத்து விடும் வடிகட்டி என்ற பொருளில், ‘தெரிவு வடி’ என்று தனியே வழங்கலாம்.

குளத்து வேலை அறிந்தவர்கள், மதகுக்குத் தாம் வழங்கும் பெயரால் ‘துருசு’ என்றே சொல்லலாமே என்று கேட்கக்கூடும். சித்த மருத்துவத்தில் அது செப்புச் சல்பேற்றின் பெயராதலால், இரசாயனமும் படிக்கும் மாணவருக்கு அது பொருந்தாது. மதகு என்பதிலிருந்து சோடிய மதகு, பொற்றாசிய மதகு, மின்னழுத்த மதகு என்று தொடர்களும் இயல்பாகப் பிறக்கின்றன.

மக்கினனோடு பரிசைப் பகிர்ந்த பீற்றர் அக்ரே கண்டறிந்த, நீரைக் கடக்கவிடும் புரதம் மட்டும் இதில் அடங்காது. அது பெரும்பாலும் திறந்தே இருப்பது. மேலும் ‘நீர் மதகு’ என்றால் குளத்து மதகையே குறிக்கும். அதற்கு ‘நீர்த்துளைப் புரதம்’ என்பது என் பரிந்துரை. நரம்பியல் கற்பிப்போர் இச்சொற்களைத் தம் வகுப்பில் ஆண்டுபார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதினால் நன்றியுடையேன்.