புதுப்பிப்பு: அம்மாவோடு பூன் ஹில் ஏறிவிட்டோம்

நேபாளத்தில் அம்மாவை அன்னபூர்ணா அடிவார முகாம் (4,130 மீட்டர்) வரை கூட்டிப்போகலாமா, அதைவிடத் தாழ்வான பூன் ஹில் குன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பூன் ஹில் போதும் என்றீர்கள். நல்ல யோசனை, மனமார்ந்த நன்றி.

வழியில் உல்லேரி கிராமத்துக்கு ஏறும் கற்படிகள்தான் கடினம். மூவாயிரத்துக்கும் மேல்! பாதியிலேயே அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அங்கேயே ஓர் இரவு தங்கி, மறுநாள் மெதுவாகக் கோரேபானி கிராமத்துக்கு ஏறினோம். அப்புறம் விடியும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் பூன் ஹில்லின் 3,210 மீட்டர் உச்சிக்கு. தவுலகிரி சிகரத்தின் (8,167 மீட்டர்) பனி சிவந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அரைமணி நேரம் அப்படியே.

போகிறவர்கள் ஊன்றுகோல் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அது அதிகம் உதவியது.