யங் அடல்ட் நாவல்கள் எல்லாம் ஒரே அச்சா தெரியுதே, அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுக்கறது?

பக்கமடிப்பு:

யங் அடல்ட் நாவல்னா, அதாவது பதின்ம வயசுக்காரங்களுக்கான நாவல்னா, எனக்கு உயிர். ஹங்கர் கேம்ஸ், மேஸ் ரன்னர், டைவர்ஜென்ட் மூணு தொடரையும் முடிச்சாச்சு. ஆனா இப்ப எந்தப் புதுசைத் தொட்டாலும் முப்பதாம் பக்கத்துலயே கதை எங்கே போய் முடியும்னு தெரிஞ்சுடுது. அலுத்துப்போனது இந்த வகையா, நான் பொறுக்கற விதமா?

கூடவே சில்லறைக் கேள்விகள்: ப்ரீக்வல் (பிறகு எழுதின முன்கதை) வந்த தொடரை எந்த வரிசையில படிக்கணும்? ரெண்டாம் பாகத்துல நின்னுபோனா தள்ளிக்கிட்டே போகலாமா, விட்டுடலாமா? பதிமூணு வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்? ஸ்பாய்லர் மட்டும் வேண்டாம்.

ஓரக்குறிப்பு:

வகை அலுக்கல. நீங்க படிச்ச மூணும் ஒரே அலையில வந்தவை: 2008, 2009, 2011. பதினாறு வயசை ஒட்டின நாயகன் அல்லது நாயகி, அடைச்சு வெச்ச ஓர் இடம், பெரியவங்க நடத்தற ஒரு சோதனை, முதல் பாகம் முடியும்போது வெளிப்பக்கம் திறக்கற ஒரு கதவு, மூணு பாகம். ஒண்ணு வித்துச்சுன்னா பதிப்பகங்கள் அதே அச்சுல இன்னும் நாலு கேட்கும். ஒப்பந்தம் போட்ட கதை கடைக்கு வர ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகறது சகஜம். அதனால வாசகருக்கு அலுத்த பிறகும் அலை ஓயாம வந்துட்டே இருக்கும்.

அப்ப இந்த வகையோட உண்மையான அடையாளம் எது? நாயகன் வயசு இல்ல. நடந்ததுக்கும் சொல்றதுக்கும் நடுவுல இருக்கற தூரம். டு கில் எ மாக்கிங்பேர்ட் (1960) கதையில சிறுமிதான் மையம், ஆனா சொல்றவள் வளர்ந்தவள். பல வருஷம் கழிச்சுத் திரும்பிப் பார்த்து, அப்போ புரியாததை இப்போ புரிஞ்சுக்கிட்டுச் சொல்றாள். யங் அடல்ட்ல அந்த வசதி கிடையாது. சூடு பட்ட கையோட பேசணும். தி அவுட்சைடர்ஸ் (1967) அதைத்தான் செஞ்சுது. எஸ். இ. ஹின்டன் அதைப் பள்ளி நாட்கள்லயே எழுதி, வெளிவந்தப்போ அவங்களுக்கு வயசு 18. நினைவிலிருந்து எழுதல, நடுவுல நின்னு எழுதினாங்க.

புதுசா ஒண்ணை எடுக்கும்போது இப்படிச் சோதிங்க:

முதல் மூணு பக்கத்துல "அப்போ எனக்குத் தெரியல", "பின்னாளில் யோசிச்சா" மாதிரி வரிகள் வருதான்னு பாருங்க. அடிக்கடி வந்தா, அது இளைஞனைப் பத்தின பெரியவங்க நாவல். நல்லா இருக்கலாம், ஆனா நீங்க தேடறது அது இல்ல.

ஐம்பதாம் பக்கத்துக்குள்ள மையப் பாத்திரம் தானா ஒரு முடிவு எடுத்து, அதுக்கு ஏதாவது இழந்திருக்கணும். இல்லேன்னா கதை அவங்களை இழுத்துட்டுப் போகுது, அவ்வளவுதான். "நான் தேர்ந்தெடுக்கப்பட்டவள்"னு ஒரு ரகசியம் வெளிப்படறது முடிவு எடுத்ததா ஆகாது.

பெரியவங்களைப் பாருங்க. அம்மா அப்பா செத்துட்டாங்க, காணாமப் போயிட்டாங்க, இல்ல எல்லாருமே வில்லன் என்றால் எழுத்தாளர் சுலப வழி பிடிச்சிருக்கார். பிள்ளை மேல உயிரையே வெச்சிருந்தும் தப்பா நடந்துக்கற ஒரு பெரியவரை எழுதறதுதான் கஷ்டம். அப்படி ஒருத்தர் இருந்தா தைரியமா வாங்கலாம்.

கடைசியா, அந்தக் கற்பனை உலகத்தை மனசுக்குள்ள உருவிட்டுப் பாருங்க. பாத்திரங்களுக்கு நடுவுல சண்டை மிச்சம் இருக்கா? ஹங்கர் கேம்ஸ்ல அந்தக் கொலைப் போட்டி நடக்கற அரங்கத்தை எடுத்துட்டாலும், பசியில இருக்கற குடும்பத்தைத் தாங்கற ஒரு அக்காவும் நொறுங்கிப்போன ஒரு அம்மாவும் மிச்சம். நகல்கள்ல பலதுக்கு ஒண்ணுமே மிஞ்சாது.

நடை பத்தியும் ஒரு வார்த்தை. தன்மையில் நிகழ்காலம் ("நான் ஓடறேன், கதவு மூடுது") இந்த அலையோட முத்திரை. நீங்க படிச்ச மூணுல மேஸ் ரன்னர் மட்டும் விலக்கு, அது படர்க்கையில் கடந்தகாலம். நிகழ்காலம் எதுக்குன்னா, கடந்தகாலத்துல "நான்" பேசினாலே பிழைச்சுட்டான்னு வாசகருக்குப் பாதி தெரிஞ்சுடும். அந்தப் பாதுகாப்பைப் பிடுங்கத்தான். ஆனா அதுல ரெண்டு இடத்துல கால் வழுக்கும். "மூணு வாரம் கழிஞ்சுது"ன்னு ஒரே வரியில தாண்ட முடியாததால, நடக்கற, சாப்பிடற, தூங்கற காட்சி எல்லாம் பக்கத்தை அடைக்கும். தன் முகத்தைத் தானே விவரிக்கக் கண்ணாடி முன்னாடி நிற்க வேண்டியும் வரும். முதல் அத்தியாயத்துலயே கண்ணாடிக் காட்சி வந்தா எனக்கு நம்பிக்கை குறைஞ்சுடும்.

மூணாம்பாகம்:

வரிசை பத்தி: வெளிவந்த வரிசைதான், யோசிக்கவே வேண்டாம். ஹங்கர் கேம்ஸ் 2008, 2009, 2010, அப்புறம் 2020, 2025. கதைக்குள்ள இருக்கற காலவரிசைப்படி போனா 2020 ப்ரீக்வல்ல ஆரம்பிக்கணும். அதோட நாயகன், முதல் மூணு பாகத்துல வில்லனா வர்ற ஸ்னோ, இங்கே பதினெட்டு வயசுல. அவர் பின்னால என்ன ஆகப்போறார்னு தெரிஞ்சு படிச்சாத்தான் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் கீழே இருக்கற கணக்கு கண்ணுல படும். தெரியாம படிச்சா சாதாரண ஏழைப் பையன் கதை. அந்த ஒரு புத்தகம் மட்டும் படர்க்கையில இருக்கறதும் சும்மா இல்லன்னு நினைக்கறேன். அவர் "நான்"னு பேசினா நாம அவர் கட்சிக்குப் போயிடுவோம். 2025ல வந்தது மறுபடி தன்மைக்கே திரும்புது.

ரெண்டாம் பாகம் நிற்கறதுக்குப் பெரும்பாலும் காரணம் கட்டமைப்புதான். முதல் பாகம் தன் சண்டையைத் தானே முடிச்சுடும். பெரிய சண்டையை மூணாம் பாகத்துக்கு எடுத்து வெச்சிருப்பாங்க. நடுவுல இருக்கறது பயணம், புது ஆட்களோட அறிமுகம், காதலர்களைப் பிரிச்சு வைக்கறது. முக்கோணக் காதல்ல மூணாவது ஆள் நுழையறதும் பெரும்பாலும் இங்கேதான்.

மூணுல ஒரு பங்கு வரைக்கும் போங்க. அங்கே நின்னு, "முதல் பாகத்தோட கேள்வி என்ன, இப்போதைய கேள்வி என்ன?"ன்னு ரெண்டு வரி எழுதிப் பாருங்க. "பிழைப்பாளா?" என்பது "யாருக்காகப் பொய் சொல்வாள்?" மாதிரி மாறியிருந்தா தொடருங்க. அதே கேள்வி, எதிரி மட்டும் பெருசாகியிருந்தா மூடிடலாம், தப்பே இல்ல.

பாகங்களுக்கு நடுவுல பல மாசம் இடைவெளி விழுந்தா, இணையத்துல கதைச்சுருக்கம் தேடாதீங்க. ஸ்பாய்லர் மாட்டிக்கறது அங்கேதான். முந்தின பாகத்தோட கடைசி ரெண்டு அத்தியாயத்தைத் திரும்பப் படிச்சாலே போதும்.

இன்னொரு கண்ணி: ஒரே புத்தகத்துக்கு நாட்டுக்கு நாடு தலைப்பு மாறும். பிலிப் புல்மேனோட நார்தர்ன் லைட்ஸ் (1995) அமெரிக்காவுல தி கோல்டன் காம்பஸ். அடுத்த பாகம்னு நினைச்சு அதையே ரெண்டாவது தடவை வாங்கறவங்க உண்டு. அந்தத் தொடரோட மூணாம் பாகம் அமெரிக்கப் பதிப்புல சில வரிகள் வெட்டப்பட்டு வந்தது, அதனால கிடைச்சா பிரிட்டிஷ் பதிப்பை எடுங்க.

சாம்பல்நிறம்:

ஓரக்குறிப்பு, தூரக் கணக்கை ஏத்துக்க முடியல. தி புக் தீஃப் கதையைச் சொல்றது மரணம். எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்ச கதைசொல்லி, யார் சாகப் போறாங்கன்னு முன்னாலேயே சொல்லிடுது. அதுவும் யங் அடல்ட் அலமாரியில தானே இருக்கு? அமெரிக்காவுல யங் அடல்ட் நூல்களுக்குத் தர்ற பிரின்ட்ஸ் விருதுப் பட்டியல்ல கௌரவ நூலா கூட வந்திருக்கு.

ஓரக்குறிப்பு:

அலமாரி வேற, கட்டுமானம் வேற. அந்த நாவல் 2005ல ஆஸ்திரேலியாவுல பெரியவங்களுக்கான நாவலாத்தான் வந்தது. அமெரிக்கப் பதிப்பகம் இளையோர் பக்கம் கொண்டுபோச்சு. எழுத்து ஒண்ணுதான், முத்திரையைக் குத்தினது விற்பனைப் பிரிவு. அதனால அட்டையில இருக்கற முத்திரையை நம்பாம, மூணு பக்கம் புரட்டிப் பாருங்கன்னு சொல்றேன். ஆனா எல்லாம் தெரிஞ்ச கதைசொல்லி இளையோருக்குப் பிடிக்காதுன்னு நான் சொல்ல வரல. அந்த இடத்துல உங்க பேச்சு சரி.

கோணல்வரி:

அலுப்புக்கு என்னோட மருந்து வேற. விஷயத்தை மாத்தாதீங்க, வடிவத்தை மாத்துங்க. டிஸ்டோபியாவை (கொடுமையான கற்பனைச் சமூகக் கதையை) விட்டுட்டு டிராகனுக்குத் தாவினாலும் அதே ஆயிரம் பக்க ட்ரைலஜிதான், அதாவது மூணு பாகத் தொடர்தான், கையில வரும்.

கவிதை வடிவ நாவல்ல தொடங்கலாம். ஜேசன் ரெனால்ட்ஸோட லாங் வே டவுன் (2017) பெரும்பகுதியும் லிஃப்டுக்குள்ள அறுபது வினாடி. பழிவாங்கப் போற பையன், இடுப்புல துப்பாக்கி, ஒவ்வொரு தளத்துலயும் ஒருத்தர் ஏறுவார். எலிசபெத் அசெவெடோவோட தி போயட் எக்ஸ் (2018) இன்னொண்ணு. முந்நூறு பக்கத்துக்கு மேல இருக்கேன்னு பயப்பட வேண்டாம், பக்கத்துல பாதி வெள்ளைதான். ஒரே மூச்சுல முடிக்கலாம். ஆனா வேகமா ஓட்டினா வீண். வரி முறியற இடத்துல அரை நொடி நிக்கணும், அர்த்தம் திரும்பறது அங்கேதான்.

மின்படிப்பானில் இதுல ஒரு தொல்லை. எழுத்தைப் பெருசாக்கினா நீளமான வரி மடங்கி அடுத்த வரிக்கு வந்துடும். கவிஞர் முறிச்ச வரியா, திரை முறிச்ச வரியான்னு தெரியாது. எழுத்தைக் கண்ணு தாங்கற அளவுக்குச் சின்னதாக்குங்க, ஓர இடைவெளியைக் குறைங்க, திரையைக் கிடைமட்டமாத் திருப்புங்க. அப்பவும் ஒரு பக்கத்துல ரெண்டு மூணு வரி மடங்கினா அச்சுப் புத்தகம்தான் வழி.

ஆவண வடிவ நாவல்களுக்கு, அதாவது சாட், மின்னஞ்சல், விசாரணை அறிக்கைன்னு அடுக்கிக் கதை சொல்ற இல்யுமினே (2015) மாதிரியானவைக்கு, சின்ன கறுப்பு வெள்ளைத் திரை வேண்டவே வேண்டாம். எழுத்துகளே சுழன்று படம் ஆகற பக்கங்கள் அதுல இருக்கு. அதெல்லாம் படமா வரும், எழுத்தளவைக் கூட்டினாலும் பெருசாகாது. பெரிய டேப்லெட் அல்லது அச்சு.

வால்டர் டீன் மையர்ஸோட மான்ஸ்டர் (1999) பாதி திரைக்கதை, பாதி சிறையில் எழுதின நாட்குறிப்பு. 2000ல பிரின்ட்ஸ் விருது தொடங்கினப்போ முதல் விருது அதுக்குத்தான். கொலை வழக்குல மாட்டின பதினாறு வயசுப் பையன் தன் வழக்கையே சினிமாவா எழுதறான். எதை எழுதறான், எதை விடறான்னு கவனிக்கறதுதான் அதைப் படிக்கற முறை.

ஒலிப்புத்தகம் கேட்கறவங்களுக்குக் கணக்கு: வாசிப்பவர் மணிக்குச் சுமார் 9,000 சொல் போவார். 80,000 சொல் நாவல் ஒன்பது மணி நேரம். ரெண்டு பேர் மாறி மாறிச் சொல்ற கதைன்னா ரெண்டு குரல்ல பதிவானதை எடுங்க. அச்சுல படிச்சா இன்னொரு சோதனை இருக்கு: அத்தியாயத் தலைப்பை விரலால மறைச்சு அரைப் பக்கம் படிங்க. யார் பேசறாங்கன்னு கண்டுபிடிக்க முடியலன்னா எழுத்தாளர் ரெண்டாவது குரலைக் கட்டவே இல்ல. டைவர்ஜென்டோட மூணாம் பாகத்துல இதைச் செஞ்சு பாருங்க.

நடுவாசல்:

பதிமூணு வயதுக் கேள்விக்கு மட்டும் பதில். அட்டையில் இருக்கும் "12+", "14+" பதிப்பகத்தின் ஊகம். தணிக்கைச் சான்று அல்ல. வாசிப்புக் கடினத்தைக் குறிக்கும் லெக்சைல் எண்ணை நம்பித் தேர்ந்தெடுப்பது அதைவிட மோசம். அது சொற்களின் அரிதான தன்மையையும் வாக்கிய நீளத்தையும் மட்டும் அளக்கிறது. அதன்படி ஹங்கர் கேம்ஸ் 810, ஸ்டைன்பெக்கின் தி கிரேப்ஸ் ஆஃப் ராத் 680. எளிய வாக்கியத்தில் எவ்வளவு கனமான விஷயத்தையும் எழுதலாம். லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ஸ்பீக் (1999) அப்படித்தான்: குட்டிக் குட்டி அத்தியாயங்கள், கேலியான குரல், உள்ளே பாலியல் வன்முறைக்குப் பிறகான மௌனம்.

முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் முதல் அத்தியாயம், நட்டநடுவில் ஒன்று, கடைசி இரண்டு அத்தியாயங்கள். வன்முறை எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டாம். வந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். அடிபட்டவருக்கு அடுத்த அத்தியாயத்திலும் வலிக்கிறதா? கொன்றவருக்குத் தூக்கம் வருகிறதா? பின்விளைவே இல்லாத லேசான சண்டைக் கதையைவிட, பின்விளைவு இருக்கும் கடுமையான கதை அந்த வயதுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. முடிவில் வெளிச்சம் வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு ராபர்ட் கார்மியரின் தி சாக்லெட் வார் (1974) இப்போதைக்கு வேண்டாம். அதில் நல்லவன் தோற்பான், யாரும் வந்து சரிசெய்ய மாட்டார்கள்.

பக்கமடிப்பு:

எல்லாருக்கும் நன்றி. நடுவாசல், கடைசி வரி கொஞ்சம் ஸ்பாய்லர் தான், ஆனா மன்னிச்சாச்சு :) அப்போ எனக்கு அடுத்த மூணு எது? கோணல்வரி, வரிசை போட்டுக் கொடுங்களேன்.

கோணல்வரி:

முதல்ல லாங் வே டவுன், ஒரே உட்கார்ல. அடுத்து மான்ஸ்டர். மூணாவது தி சாக்லெட் வார். முடிவு தெரிஞ்சுபோச்சுன்னு அதைத் தள்ளிடாதீங்க. ஒரே தலையில நிற்காம ஆள் ஆளா மாறிப் போற படர்க்கை அது, உங்க "நான், நான்" பழக்கத்தை உடைக்கும். மூணும் அளவான புத்தகம். ட்ரைலஜி எதையும் நடுவுல நுழைக்காதீங்க. முதல் ரெண்டையும் அச்சுலயே எடுங்க, மூணாவது எதுல படிச்சாலும் பரவாயில்ல.