மூன்றாவது கம்பி

சக்கரங்கள் தளத்தில் பட்ட அதே நொடியில் என் இடது கை த்ராட்டிலை, அதாவது இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, பின்னால் இழுத்துவிட்டது. விமானத்தின் வாலிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எந்தக் கம்பியிலும் மாட்டவில்லை. இன்ஜின் இரண்டும் ஐடிலுக்கு இறங்கிவிட்டன. விமானம் தளத்தின் விளிம்பு வரை ஓடி, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கடலுக்குள் போனது. டிசிஎஸ் என்ற விமான சிமுலேட்டர் விளையாட்டில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் ஜெட்டை விமானந்தாங்கிக் கப்பலில் இறக்க நான் செய்த முயற்சிகளில் உருப்படியாக வந்த முதல் முயற்சி அது. உயரம், வேகம், நேர்கோடு மூன்றும் சரியாகத்தான் இருந்தன. கெடுத்தது கை.

அந்தக் கை அப்படிப் பழகியிருந்தது. அதற்கு முன் பல வாரங்கள் நான் ஓட்டியது எஃப்4யூ கோர்சேர், இரண்டாம் உலகப் போர்க்கால விமானம். 2000 குதிரைத்திறன் இன்ஜின், நீளமான மூக்கு, அதன் நுனியில் 13 அடிக்கு மேல் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர். நேராக வந்தால் கப்பல் கண்ணுக்கே தெரியாது. இடப்பக்கமாக வளைந்துகொண்டே வந்து, கடைசி நொடிகளில்தான் இறக்கைகளைச் சமன் செய்ய வேண்டும். அந்தக் காலத்துக் கப்பல்களில் தளம் நேரானது. கம்பிகளைத் தாண்டினால் தடுப்பு, தடுப்பையும் தாண்டினால் முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்கள். அதனால் தளத்தின் பின்விளிம்பை நெருங்கியதும் எல்எஸ்ஓ, அதாவது தரையிறக்க அதிகாரி, கையிலுள்ள மட்டைகளால் ‘கட்’ சைகை காட்டுவார். உடனே த்ராட்டிலை முழுக்க மூடிவிட வேண்டும். மூடினால்தான் விமானம் கம்பிகள்மேல் உட்காரும். (அந்த மட்டைகள் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் எல்எஸ்ஓவை இன்றும் ‘பேடில்ஸ்’ என்றுதான் அழைக்கிறார்கள்.)

ஜெட்டில் இது அப்படியே தலைகீழ். சக்கரம் தளத்தைத் தொட்டதுமே முழு சக்தி கொடுக்க வேண்டும். மாட்டியதா இல்லையா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தால் காரியம் கெட்டுவிடும். ஜெட் இன்ஜின் சுற்று ஏறச் சற்று நேரம் எடுக்கும், அதற்குள் தளமே முடிந்துவிடும். மாட்டினால் கம்பி இழுத்து நிறுத்திக்கொள்ளும். மாட்டாவிட்டால் அப்படியே மேலே ஏறி இன்னொரு சுற்று வரலாம். அதைத்தான் போல்ட்டர் என்கிறார்கள்.

கடலில் விழுந்த அன்று இரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1951-இல் பிரிட்டிஷ் கடற்படையின் டென்னிஸ் காம்ப்பெல், இறங்கும் தளத்தைக் கப்பலின் நீளவாக்கிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். 1952-இல் ட்ரயம்ப் என்ற கப்பலின் தளத்தில் வெறும் கோடு போட்டுப் பார்த்தார்கள். அந்த ஆண்டே அமெரிக்காவின் ஆன்டீட்டம் கப்பலுக்கு நிஜமான கோணத்தளம் கட்டும் வேலையும் தொடங்கியது. திருப்பியது ஒரு சில டிகிரிதான். ஆனால் கம்பி தவறிய விமானத்துக்கு முன்னால் அதுவரை நின்ற விமானங்களுக்குப் பதிலாகத் திறந்த கடல் கிடைத்தது. எத்தனை உயிர்களைக் காப்பாற்றிய கோணம் அது! என் கை இன்னும் நேர்தளக் காலத்திலேயே இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கையை எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். கொக்கியை இறக்காமலே கப்பலுக்கு வருவது. தொடு, தள்ளு, ஏறு. மறுபடி சுற்றி வா. மாட்டுமா மாட்டாதா என்ற கவலையே கிடையாது, ஏனென்றால் மாட்ட வாய்ப்பே இல்லை. ஒரு வாரம் இதை மட்டும் செய்தேன். நிஜக் கடற்படை விமானிகளும் முதலில் நிலத்திலுள்ள ஓடுபாதையில், சரியான உயரத்தில் வருகிறோமா என்று காட்டும் லென்ஸ் விளக்கை வைத்துத் தொட்டுத் தொட்டு ஏறித்தான் பழகுகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கொக்கியைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

அதே வாரத்தில் இன்னொன்றும் பிடிபட்டது. அதுவரை ஜாய்ஸ்டிக்கை இழுத்து இழுத்து உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இழுத்தால் வேகம் குறையும், தள்ளினால் கூடும், பிறகு அதன் பின்னால் ஓட வேண்டும். ஹார்னெட்டில் சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் முழுக்க இறக்கியபின், ஏஓஏ (காற்றை விமானம் எதிர்கொள்ளும் கோணம்) 8.1-இல் நிற்கும்வரை ட்ரிம் (ஸ்டிக்கைப் பிடிக்காமலே நிலை மாறாதபடி சமன்) செய்துவிட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துப் பாருங்கள். விமானம் அந்தக் கோணத்தைத் தானே பிடித்துக்கொண்டு பறக்கும். பக்கத்தில் உள்ள மூன்று விளக்குகளில் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டம் எரிந்தால் சரியான கோணத்தில் இருக்கிறோம். பச்சை என்றால் மெதுவாகிவிட்டோம், சிவப்பு என்றால் வேகம் அதிகம். அதன்பின் ஸ்டிக் இறக்கைகளைச் சாய்க்க மட்டும்தான். ஏறுவதும் இறங்குவதும் த்ராட்டிலில். அதிலும் ஒரு முறை உண்டு. தாழ்ந்துவிட்டால் கொஞ்சம் கூட்டு, லென்ஸில் விளக்கு நகரத் தொடங்கியதும் கூட்டியதைவிட அதிகமாகக் குறை, அப்புறம் இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து வை. கடைசி 15 முதல் 18 நொடிகள் இடது கை ஒரு கணம்கூட சும்மா இருக்காது. அசைவு சிறியது, ஆனால் ஓயாதது.

இனி ஒரு மிக்-29 போர் விமானக் கதை, அதே விளையாட்டில். காகசஸ் மேப், சாயங்காலம். என்னோடு விங்மேனாக, அதாவது துணை விமானத்தில், பறந்தவர் வயதில் இளையவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். எதிரே இரண்டு மிக். ஒன்றைத் தூரத்திலேயே தம்பியின் அம்ராம் ஏவுகணை முடித்துவிட்டது. மற்றது என்னைக் கடந்து திரும்பியது. என் சைட்வைண்டர் ஏவுகணைகள் இரண்டையும் ஃப்ளேர் (எரியும் வெப்பப் பொறி) போட்டு ஏமாற்றிவிட்டான். ஹார்னெட்டின் பலம் குறைந்த வேகத்தில்தான். வேகம் வெகுவாகக் குறைந்தாலும் மூக்கைத் திருப்ப முடியும். அதனால் நானும் அவன் திரும்பும் பக்கமே, உள்வட்டமாகத் திரும்பினேன். இருவரும் மெதுவாகிக்கொண்டே வந்தோம். மூன்றாவது முறை குறுக்கே கடந்தபோது அவன் என் மூக்குக்கு முன்னால் போய்விட்டான். பீரங்கியில் ஒரு சின்ன அழுத்தம். மிக்கின் வலது இறக்கை அடியோடு கழன்று போவதைப் பார்த்தேன். கை நடுங்கியது.

“அண்ணா, ஃப்யூயல் பாருங்க” என்றார் தம்பி.

கூடுதல் வேகத்துக்கான ஆஃப்டர்பர்னர் தின்றது போக 3,900 பவுண்டு மிச்சம். கப்பல் 40 கடல் மைல் தள்ளி. மேலே ஏறி, சிக்கனமாக ஓட்டி, கப்பலை அடைந்தபோது 2,600. வழக்கம்போல 800 அடியில் கப்பலின் வலப்பக்கமாகப் போய், இடப்பக்கம் சட்டென்று திரும்பி, 600 அடிக்கு இறங்கினேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. க்ரூவ் எனப்படும் கடைசி நேர்ப்பாதையில் நுழைந்ததும்தான் அந்தத் தப்பைச் செய்தேன். எரிபொருள் பயத்தில் லென்ஸை விட்டுவிட்டுத் தளத்தைப் பார்த்தேன். தளத்தைப் பார்த்தால் அது பெரிதாகிக்கொண்டே வருவது மட்டும்தான் தெரியும். நாம் இருப்பது மேலேயா கீழேயா என்பது தெரியாது. லென்ஸில் ஆரஞ்சு விளக்கு பச்சை வரிசைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கொக்கி நான்கு கம்பிகளையும் தாண்டி விழுந்தது.

“போல்ட்டர், போல்ட்டர், போல்ட்டர்!”

எல்எஸ்ஓவின் அந்தக் குரல் வருவதற்கு முன்பே என் இடது கை முன்னால் போயிருந்தது. நான் நினைத்துச் செய்ததில்லை. விளிம்பைத் தாண்டி விமானம் கொஞ்சம் அமிழ்ந்து, பிடித்துக்கொண்டு ஏறியது. மிக்கை வீழ்த்தியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

இரண்டாவது சுற்று. 2,000 பவுண்டு. தம்பி மேலே வட்டமிட்டபடி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார், அதற்கு இன்றும் நன்றி. திரும்பி முடித்து இறக்கைகளைச் சமன் செய்தேன். விளக்கு நடுவில். விமான நம்பரையும் எரிபொருளையும் சொன்னேன், எல்எஸ்ஓவிடமிருந்து “ரோஜர் பால்” என்று பதில் வந்தது (‘பால்’ என்பது லென்ஸில் தெரியும் அந்த விளக்கு). அதற்குப்பின் லென்ஸ், நேர்கோடு, ஏஓஏ, மறுபடி லென்ஸ். கப்பல் முன்னால் போய்க்கொண்டே இருப்பதால் கோணத்தளம் நமக்கு வலப்பக்கமாக நழுவிக்கொண்டே இருக்கும். ஒரு முறை சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, துளித்துளியாக வலப்பக்கம் சாய்த்துக்கொண்டே வர வேண்டும். பாதி வழியில் விளக்கு ஒரு கட்டம் தாழ்ந்தது. கூட்டினேன், குறைத்தேன், நடுவில் வைத்தேன். திரும்பி வந்து நின்றது. தளம் கண்ணோரத்தில் பெரிதானது. பார்க்கவில்லை.

படாரென்று தொட்டது. திரை முன்னால் குலுங்கியது. வேகம் 130-இலிருந்து இரண்டே நொடிகளில் கரைந்தது.

“எத்தனாவது கம்பி அண்ணா?”

“மூணு.”

தளத்தில் விமானங்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் சட்டைக்காரர் கொக்கியைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தம்பி வந்துகொண்டிருக்கிறார், தளத்தைக் காலி செய்ய வேண்டும். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு இன்ஜினும் இன்னும் முழு சக்தியில் அலறிக்கொண்டிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, த்ராட்டிலை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்தேன்.