ரோமா மக்களைப் பற்றிய கண்காட்சி: எதில் தொடங்குவது?

கேள்வி:
ஐரோப்பாவில் பரவி வாழும் ரோமா மக்களின் பண்பாடு, வரலாறு, அவர்கள் மீதான பாகுபாடு ஆகியவற்றைப் பற்றிய அருங்காட்சியகக் கண்காட்சி ஒன்றை வடிவமைக்கிறோம். முதல் அறையில் வண்ணம் தீட்டிய குதிரைவண்டியும் வயலினும், கடைசி அறையில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமும் என்று வரைவு தயாராகியுள்ளது. நாஜி இனவாத ஆய்வாளர் ராபர்ட் ரிட்டரின் குழு எடுத்த படங்களும் இடம்பெறுகின்றன. இந்த அமைப்பு எனக்கு உறுத்துகிறது, எதை மாற்றலாம்?

மறுமொழி 1:
முதலில் அந்தப் படங்களைக் கவனியுங்கள். மனிதர்களை அளந்து வகைப்படுத்துவதற்காக எடுக்கப்பட்ட படங்களைச் சுவர் நிறைய மாட்டினால், பார்வையாளரும் ரிட்டரின் கண்ணாலேயே பார்ப்பார். 1944 மே 19 அன்று நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தடுப்பு முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட ரயிலின் கதவிடுக்கில், தலையில் துணி சுற்றிய சிறுமி ஒருத்தி வெளியே பார்க்கும் காட்சி படமாக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் யூதச் சிறுமி என்றே கருதப்பட்ட அவள், செட்டெலா ஸ்டைன்பாக் என்ற ஒன்பது வயது சின்டி (ரோமா மக்களில் ஒரு பிரிவு) சிறுமி என்பது 1994இல்தான் தெரியவந்தது. பெயரைத் தேடிக் கண்டறிவதும் உங்கள் பணியே.

மறுமொழி 2:
வண்டியை வாசலில் வைக்க வேண்டாம். நாடோடி வாழ்க்கையே அவர்களின் இயல்பு என்ற பழைய எண்ணத்தை அது உறுதிப்படுத்தும். பெரும்பாலும் இன்றைய ருமேனியாவில் அடங்கும் வலாக்கியாவிலும் மால்டாவியாவிலும் 1850களின் நடுப்பகுதி வரை அவர்கள் அரசுக்கும் மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் அடிமைகளாக இருந்தார்கள். ரோமானி மொழியில் தொடங்குங்கள். மூக்கை 'நக்' என்றும் தண்ணீரைப் 'பானி' என்றும் சொல்லும் குரல் காதில் விழுந்தால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து தொடங்கிய பயணம் வரைபடம் இல்லாமலே புரியும்.

மறுமொழி 3:
ஆஷ்விட்ஸோடு முடித்தால் அநீதியும் அங்கேயே முடிந்ததாகத் தோன்றும். நாஜிகள் ரோமா மக்களைக் கொன்று குவித்ததை மேற்கு ஜெர்மனி இனப்படுகொலை என்று ஏற்றதே 1982இல்தான். செக் நாட்டில் ரோமா மக்கள் அடைக்கப்பட்டிருந்த லெட்டி முகாம் இருந்த இடத்தில் பல பத்தாண்டுகள் பன்றிப் பண்ணை இயங்கியது. அதே நாட்டின் ஆஸ்ட்ராவா நகரத்து ரோமா குழந்தைகளை, அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான சிறப்புப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. கடைசி அறையில் ஒரு பள்ளி மேசையை வைத்து, மேலே அத்தீர்ப்பை வையுங்கள். விளக்க வாசகங்களை ரோமா எழுத்தாளர்களே எழுதட்டும். அதற்குரிய ஊதியத்தை இப்போதே திட்டச் செலவில் சேருங்கள்.

கேட்டவர்:
வண்டியை விலக்கிவிட்டு, முதல் அறையைக் குரல்களுக்கு ஒதுக்குகிறோம். ரிட்டர் குழுவின் படங்களை, ரோமா ஆலோசகர்கள் பார்த்து முடிவெடுக்கும் வரை மாட்டப்போவதில்லை.