மறு: தரோபிரெட் பொலிகுதிரைக்கு ‘உடலமைப்பு’ போதுமா?

குழும நண்பர்களுக்கு,

இழையைத் தொடங்கியவர் கேட்டது ஒரே ஒரு சொல். பந்தயத்துக்கென வளர்க்கும் தரோபிரெட் இனத்து ஆண்குதிரையைப் பொலிக்கு, அதாவது குட்டி போட வைக்க, எடுக்கும் முன் அதன் கன்ஃபர்மேஷனை (conformation, உடலுறுப்புகள் சேர்ந்திருக்கும் விதம்) பார்க்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன? அப்படியே எழுதிவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். எழுதலாம்தான். ஆனால் தமிழ் எழுத்தில் அது டிக்கெட் உறுதியாகும் கன்ஃபர்மேஷனைப் போலவே இருக்கிறது. நான் காட்டிய இரண்டு பேரும் அப்படித்தான் படித்தார்கள்.

‘பொலிகாளை’ வழக்கில் இருப்பதால் ‘பொலிகுதிரை’யில் எனக்குச் சிக்கல் இல்லை. தரோபிரெட்டை ‘உயர்சாதிக் குதிரை’ ஆக்குவதுதான் தப்பு. அது ஓர் இனத்தின் பெயர். அதன் பதிவேட்டின் முதல் தொகுதி 1793-இல் வந்தது. பதிவான தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தது மட்டுமே அதில் ஏறும். பெயரைப் பெயராகவே விடுவோம்.

> உடலமைப்பு என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

மண்புழுவுக்கும் உடலமைப்பு உண்டு, ஐயா. குதிரைக்காரர் பார்ப்பது உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை. தோள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது? குளம்புக்கு மேலே உள்ள கணுவின் சாய்வு அதோடு ஒத்துப்போகிறதா? பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்னங்கால் முட்டி நேராக இருக்கிறதா? முட்டி பின்பக்கமாக வளைந்திருந்தால் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். முழு வேகத்தில் ஒற்றை முன்னங்கால் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தாங்குகிறது. பின்வளைந்த முட்டியில் அந்தச் சுமை எலும்புகளின் முன்விளிம்பை நசுக்கும், சில்லு பெயரும். அதே முட்டி கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தால் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள். இரண்டுமே வளைவுதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது. ஆக, நாம் தேடும் சொல்லில் வடிவத்தோடு ‘ஓட்டத்துக்கு ஏற்றதா’ என்ற தீர்ப்பும் இருக்க வேண்டும். ‘உடலமைப்பு’க்கு அந்தத் தீர்ப்பு தெரியாது.

> அங்க லட்சணம்?

காதுக்கு இனிமை. ஆனால் லட்சணம் என்றதும் பின்னாலேயே சுழியும் ராசியும் வந்துவிடும். மயிர்ச்சுழி எங்கே இருந்தாலும் முட்டியின் கோணம் மாறாது.

> உறுப்பமைதி. ‘இலக்கண அமைதி’யில் வரும் அமைதி.

இது எனக்குப் பிடித்தது, மூன்று நாள் இதையே வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு மாதிரி வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: ‘குதிரையின் உறுப்பமைதி நன்று.’ படித்தவர் உடனே, ‘சாதுவான குதிரையா?’ என்றார். பொலிகுதிரையில் குணத்தைத் தனியாகப் பார்க்கிறார்கள் என்பதால் இந்தக் குழப்பம் கூடாது. அதனால் நான் ‘உறுப்பிசைவு’ என்கிறேன். ‘இசைவு மிக்கது’, ‘முன்னங்காலில் இசைவு குறைவு’ என்று நீட்டி எழுதவும் வருகிறது.

சரி, இதைவிடக் கடினமான சொல் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. பொலிகுதிரையின் உடம்பு ஒன்று, அது குட்டிகளுக்குக் கொடுப்பது வேறொன்று. நார்தர்ன் டான்சர் 1961-இல் பிறந்த கனடாக் குதிரை. ஒரு வயதில் 25,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தார்கள்; குள்ளம் என்று யாரும் வாங்கவில்லை. 1964-இல் அமெரிக்காவின் பெரும் பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்று, பிறகு இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த தந்தைக் குதிரைகளில் ஒன்றானது. 1973-இல் அந்த டெர்பியோடு சேர்ந்த மூன்று பெரும் அமெரிக்கப் பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட்டின் உடம்பில் குறை கண்டவர் அரிது. ஆனால் அதற்கு ஈடான மகன் பிறக்கவில்லை; அதன் பெருமை மகள்கள் வழியாகத்தான் இறங்கியது. ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட் இரண்டும் மகள் வயிற்றுப் பேரன்கள்.

அதனால்தான் குட்டிகளைப் பார்க்கிறார்கள். தாயின் வயிற்றில் பதினொரு மாதம், பிறகு ஓடத் தொடங்க இரண்டு வயது. முதல் பந்தய முடிவு வரவே மூன்றாண்டு போய்விடும். அதுவரை நிற்கும் குட்டிகள்தான் சாட்சி. வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த பத்துக் குட்டிகளில் ஒரே கோணல் முட்டி தெரிந்தால் அது தந்தை கொடுத்தது. தாயிடம் இருக்கும் கோணல் குட்டியிடம் இல்லை என்றால் தந்தைக்கு ஒரு மதிப்பெண். பேர்போன பொலிகுதிரைக்கு நல்ல தாய்களே வருவதால், அதே தாய்கள் வேறு குதிரைகளுக்கு ஈன்ற குட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தன் சாயலைக் குட்டிகள் மேல் அழுத்தமாகப் பதிக்கும் இந்தத் திறனுக்கு ஒருவர் தனிமடலில் ‘மரபாற்றல்’ என்றார். மரபு எல்லா உயிருக்கும் இருக்கிறது. இங்கே பேச்சு அழுத்தத்தைப் பற்றி. ‘அப்பனை அச்சாக உரித்துவைத்திருக்கிறது’ என்கிறோமே, அதிலிருந்து ‘அச்சுவன்மை’ எடுக்கலாம். அச்சுவம் என்றால் குதிரை என்பது எனக்கும் தெரியும். அந்தச் சிலேடைக்கு நான் பொறுப்பல்ல.

> ஒரே தந்தையின் குட்டிகளை ‘உடன்பிறப்புகள்’ எனலாமா?

கூடாது. பந்தய உலகில் தாய் ஒன்றானால்தான் உடன்பிறப்புக் கணக்கு. தந்தை மட்டும் ஒன்று என்றால் உறவே சொல்வதில்லை. ஒரு பொலிகுதிரைக்கு ஓராண்டில் நூறு குட்டிக்கு மேல்கூடப் பிறக்கும். தாய் ஒன்றான குட்டிகளுக்கும் புதிதாக எதுவும் வேண்டாம், ‘ஒரு வயிற்றுக் குட்டிகள்’ போதும்.

மிச்சம் இருப்பது பின்னங்காலின் நடுவில் பின்னால் துருத்தி நிற்கும் மூட்டு. அதையும் முட்டி என்றால் முன்னங்கால் முட்டியோடு குழம்பும். உடற்கூற்றின்படி அது கணுக்கால், முன்னங்கால் ‘முட்டி’யோ உண்மையில் மணிக்கட்டு. ஆனால் தொழுவத்தில் நின்றுகொண்டு குதிரையின் மணிக்கட்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். குதிரையோடு பழகியவர்கள் வாயில் அந்தப் பின்மூட்டுக்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டு எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.